மௌன ஜெபத்தில் கேட்ட குரல்

மைக் அண்ணனுக்குச் சபையில் இடம் கடைசி வரிசைக்கும் பின்னால். ஒரு மேசை, ஒரு ஆம்ப்ளிஃபையர், எட்டுக் குமிழ்கள், அவ்வளவுதான் அவருடைய ராஜ்ஜியம். போதகர் கர்ஜித்தால் குமிழை இறக்குவார், கண்கலங்கி முணுமுணுத்தால் ஏற்றுவார். முப்பது வருடமாக இதே வேலை. யாராவது அவர் பக்கம் திரும்பிப் பார்த்தால் ஸ்பீக்கர் கூவிவிட்டது என்று அர்த்தம். எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஒருத்தரும் திரும்பமாட்டார்கள். என்ன பிழைப்பு பாருங்கள், நன்றாகச் செய்தால் யார் கண்ணிலும் படாத பிழைப்பு!

தொற்று வந்து சபைக் கட்டடத்தைப் பூட்டினார்கள். ஆராதனை செல்போனுக்குள் போய்விட்டது. போதகரின் மருமகன் ஒரு பொத்தானை அமுக்கினால் நாற்பது வீடு ஒன்றாகக் கூடிவிடும். மைக் அண்ணனுக்கு அங்கே என்ன வேலை? கல்யாணம், கூட்டம் என்று அவரை அழைத்தவர்களும் வாயை மூடிக்கொண்டு வீட்டில் இருந்தார்கள். அவருடைய மைக்செட் கடைக்கும் பூட்டு.

முதல் மாதம் சிரிப்பாகத்தான் போனது. ஜெப நேரத்தில் ஒரு வீட்டு நாய் குரைக்கும், இன்னொரு வீட்டில் யாரோ குறட்டை விடுவார். "மைக்க அணைங்கப்பா, மைக்க அணைங்க!" என்று இவர் இங்கே தலையில் அடித்துக்கொள்வார். மூன்றாவது மாதத்தில் அந்தச் சிரிப்பும் போயிற்று. தூக்கம் இல்லை. தாடி மழிக்கவில்லை. படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்குப் போவதே பெரிய பயணமாக இருந்தது. ஆராதனைக்கு மட்டும் பழக்கதோஷத்தில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு உட்காருவார்.

வாயைத் திறந்து சொல்லக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். எப்படிச் சொல்வார்? இரண்டு வருடத்துக்கு முன் போதகர் மேடையில் முழங்கியது அவருக்கு மறக்கவில்லை: "விசுவாசம் உள்ள மனசுல சோர்வுக்கு இடமே கிடையாது!" அந்த வார்த்தைக்காகக் குமிழை ஏற்றி, வாசல்வரை கேட்கும்படி செய்தவரே இவர்தான். பெண்டாட்டி பிள்ளை இல்லாத மனுஷனுக்கு அக்காவையும் சபையையும் விட்டால் யார்? விஷயம் தெரிந்தால் சபை ஒதுக்கிவிடும், ஒதுக்கிவிட்டால் தனக்கென்று ஒன்றுமே இல்லை என்று பயந்து செத்தார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சபையில் மூன்று பேரைத் தொற்று கொண்டுபோயிருந்தது. அவர்களை நினைத்து ஐந்து நிமிடம் மௌன ஜெபம் என்று போதகர் அறிவித்தார். நாற்பது வீட்டிலும் கப்சிப்.

மௌனத்துக்கு மைக் எதற்கு? மைக் அண்ணன், மைக்கும் சேர்ந்த தன் இயர்போன் வயரைச் செல்போனிலிருந்து பிடுங்கி மேசைமேல் வைத்தார். தொழில் கற்றுத்தந்த பழக்கம் அது. அவருடைய ஆம்ப்ளிஃபையரில் வயரைப் பிடுங்கினால் அந்த மைக் செத்தது, கதை முடிந்தது. செல்போனின் சங்கதி வேறு. வயரைப் பிடுங்கினால் அது தன்னுடைய சொந்த மைக்கைத் திறந்துகொள்ளும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம், முப்பது வருட அனுபவசாலிக்குத் தெரியவில்லை!

அக்கா தட்டோடு வந்தாள். வீட்டிலேயே தையல் வேலை பார்ப்பவள். அந்த நாட்களில் முகக்கவசமாகத் தைத்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். கழுத்தில் இஞ்ச் டேப் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"டேய், ரெண்டு வாய் சாப்பிடுடா."

"வேண்டாம்க்கா."

"நேத்தும் வேண்டாம், முந்தாநாளும் வேண்டாம். வயித்துக்கு என்ன பூட்டா போட்டிருக்கே?"

எப்போதும் "அப்புறம்" என்று தட்டிக்கழிக்கிறவர் அன்று உடைந்துபோனார்.

"அக்கா, எனக்கு உயிரோட இருக்கவே பிடிக்கல. காலையில கண்ணு முழிச்சா ஏன்டா முழிச்சோம்னு இருக்கு. ஜெபமும் பண்ணிப் பாத்துட்டேன், மனசு அசையவே மாட்டேங்குது. சபையில யாருக்கும் சொல்லிடாதேக்கா. விசுவாசம் இல்லாதவன்னு ஒதுக்கிடுவாங்க."

அக்கா தட்டைக் கீழே வைத்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் மேசைமேலிருந்து ஒரு குரல் வந்தது.

"அண்ணே..."

மைக் அண்ணன் செல்போனைப் பார்த்தார். நாற்பது கட்டத்திலும் நாற்பது முகங்கள். ஒருத்தரும் கண்ணை மூடியிருக்கவில்லை. அணைக்கலாம் என்று விரலை நீட்டினார், விரல் வேறெங்கோ பட்டது.

"கட் பண்ணிடாதீங்கண்ணே," என்றாள் அதே குரலுக்குரியவள். ஆஸ்பத்திரியில் தொற்று வார்டில் வேலை பார்க்கும் நர்ஸ். ராத்திரி டியூட்டி முடித்து நேராக ஆராதனைக்கு உட்கார்ந்திருந்தாள். கவசம் அழுத்திய தழும்பு மூக்கின்மேல் இன்னும் சிவந்திருந்தது. "எல்லாரும் கேட்டுட்டோம். கேட்டதே நல்லதாப் போச்சு."

போதகருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. "பரலோகப் பிதாவே..." என்று ஆரம்பித்தார்.

"ஐயா, ஒரு நிமிஷம்," என்றாள் நர்ஸ். "கடவுளுக்கும் கேட்டிருக்கும். முதல்ல அண்ணன்கிட்ட பேசிக்கிறேன்."

அம்மாடி! போதகரின் ஜெபத்தில் குறுக்கே பேச அதுவரை அந்தச் சபையில் யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை. அவர் கப்பென்று வாயை மூடிக்கொண்டார்.

"அண்ணே, நேராவே கேக்குறேன். உங்கள நீங்களே ஏதாவது பண்ணிக்கணும்னு தோணுதா?"

மைக் அண்ணன் அக்காவைப் பார்க்காமல் சொன்னார். "சில நாள் தோணும். இன்னிக்கு இல்ல."

"சொன்னதுக்கு ரொம்ப நன்றிண்ணே. நாளைக்குக் காலையில எங்க மனநல டாக்டர் உங்களக் கூப்பிடுவாங்க, நான் ஏற்பாடு பண்றேன். இது வியாதி, மருந்து இருக்கு. அதுவரைக்கும் எப்பத் தோணினாலும், எந்த நேரமானாலும் எனக்குப் போன் பண்ணணும். அக்கா, நீங்க பக்கத்துலயே இருங்க."

"நான் எங்கம்மா போகப்போறேன், இவனை விட்டுட்டு?" என்றாள் அக்கா. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

போதகர் தொண்டையைக் கனைத்தார். மேடையில் கேட்கும் குரல் இல்லை அது.

"மைக் அண்ணே, சோர்வுக்கு இடமில்லன்னு சொன்னவன் நான்தான். மூணு மாசமா எனக்கும் தூக்கமில்ல. ஒவ்வொரு அடக்கமும் முடிஞ்சு வந்து குளியலறையில உக்காந்து அழறேன். என் வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது."

"தெரியும், தெரியும்," என்று அவருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

நாற்பது வீட்டிலும் சிரிப்பு. அழுதுகொண்டே சிரித்தார்கள். மைக் அண்ணனுக்கும் உதடு லேசாக அசைந்தது.

"நான் சொன்னது தப்பு. என்னை மன்னிச்சிடுங்க," என்றார் போதகர். பிறகு அவரும் அதே டாக்டரின் நம்பரை எல்லார் முன்னாலும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மாத்திரை போட்டதும் மறுநாளே துள்ளிக் குதித்து எழுந்தார் என்று கதைவிட எனக்கு இஷ்டமில்லை. வாரக்கணக்காகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், அப்படித்தான் ஆனது. இதற்கிடையில் ஒரு வேடிக்கை. அந்த வாரத்திலிருந்து சபையாரின் வீடுகளில் மின்சாமான்கள் வரிசையாகக் கெட்டுப்போக ஆரம்பித்தன. "அண்ணே, டிவியில சத்தம் கரகரங்குது." "அண்ணே, இயர்போன்ல ஒரு காது கேக்கல." காலையில் ஒருத்தர், மத்தியானம் ஒருத்தர், சாயங்காலம் ஒருத்தர். போனில் வழி சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை வறண்டது. ஐந்தாவது வாரம் பேக்கரிக்காரர் தன் ரேடியோவையே கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, தள்ளி நின்று கையாட்டினார்.

மைக் அண்ணன் ரேடியோவைப் பிரித்தார். உள்ளே வயர் அறுந்திருந்தது. தேய்ந்து அறுந்த வயர் பிசிறு பிசிறாக இருக்கும். இதுவோ கத்திரிக்கோலால் நறுக்கென்று வெட்டியது. குட்டு வெளிப்பட்டுவிட்டது! தனக்காக ஒரு மனுஷன் நல்ல ரேடியோவைப் பாழாக்கியிருக்கிறான் என்று நினைக்க நினைக்கக் கண் நிறைந்து வழிந்தது. முப்பது வருடம் எல்லாருக்கும் பின்னால் உட்கார்ந்தவரை இத்தனை பேர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். அந்தச் சந்தோஷத்தை அவரால் தாங்க முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடியும்போது, யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று போதகர் கேட்டார். இத்தனை வருடத்தில் முதல்முறையாக மைக் அண்ணன் தானாக வாயைத் திறந்தார்.

"எல்லாருக்கும் நன்றி. எனக்கு இன்னும் முழுசா சரியாகல. ஆனா மருந்து வேலை செய்யுது. ஒரே ஒரு வேண்டுகோள். இனிமே யாரும் ஒண்ணையும் ஒடைக்காதீங்க. சும்மாவே கூப்பிடுங்க. நான் எடுக்கிறேன்."

பேக்கரிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று பகலுக்குள் பதினோரு அழைப்பு வந்தது. பதினொன்றையும் மைக் அண்ணனே எடுத்தார். பன்னிரண்டாவது அழைப்பு வந்தபோது செல்போனை எடுத்தவள் அக்கா.

"அப்புறம் கூப்பிடுங்க," என்றாள் அவள். "என் தம்பி சாப்பிட்டுக்கிட்டிருக்கான்."