முழுக்கைச் சட்டை

விறைத்துப்போன கை சட்டைக்குள் நுழையவில்லை. ராமலிங்கம் கத்திரிக்கோலை எடுத்துச் சட்டையின் முதுகை மேலிருந்து கீழாக வெட்டினார். அதை மகனுக்கு முன்பக்கமாக மாட்டி, இரண்டு மணிக்கட்டிலும் பொத்தான் போட்டுவிட்டார். பிரேம்குமாருக்கு இருபத்து நான்கு வயது. காலையில் பாத்ரூம் கதவை உடைத்துத்தான் அவனை வெளியே எடுத்தார்கள். ஊசி பக்கத்திலேயே கிடந்தது.

"அட்டாக்குனு சொல்லு. யார் கேட்டாலும் அட்டாக்குதான்" என்றார் மகளிடம். "வில்லியனூர்காரங்க வர்றாங்க. ஆவணியில உன் கல்யாணம் நடக்கணும்ல?"

செந்தமிழ்ச்செல்வி தலையாட்டினாள். இந்த வீட்டுக்குப் பொய் ஒன்றும் புதிதில்லை. தம்பி கம்பெனி வேலைக்குப் போகிறான் என்று மூன்று வருடமாக உழவர்கரை முழுக்கச் சொல்லி வந்தார்கள். அவன் போனதெல்லாம் மூடிக் கிடந்த மில்லுக்குப் பின்னால், ஊசி போட. இவன் செத்தால் தேவலை என்று அவளே ஒருமுறை வேண்டியிருக்கிறாள்.

மே மாத வெயிலில் முழுக்கைச் சட்டை போட்ட ஒருவன் பந்தலுக்கு வெளியே தயங்கி நின்றான். ராஜவேல். தம்பியோடு படித்து, தம்பியோடு சேர்ந்தே கெட்டவன்.

"என்னாச்சுக்கா?"

"அட்டாக்."

"நெஜமாவா?" அவன் முகம் தெளிந்துவிட்டது. சாவு வீட்டில் அப்படி ஒரு நிம்மதியை அவள் பார்த்ததில்லை. "நான் வேற மாதிரி நெனச்சி பயந்துட்டேன்க்கா. நேத்து ஒண்ணாத்தான் வாங்குனோம். புதுசு. நான் இன்னும் போடல." கை தானாகச் சட்டைப்பையைத் தடவியது. "ஒடம்பெல்லாம் நடுங்குது. மூஞ்சிய பாத்துட்டு கெளம்பிடறேன்."

அவன் காதோடு உண்மையைச் சொன்னாள். அவன் சிரித்தான்.

"பயமுறுத்தாதக்கா. எங்களுக்குத் தெரியாததா?"

மாலையோடு கமலவேணி ஆட்டோவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். செல்விக்கு மாமியாராக வரப்போகிறவள். இறங்கட்டும்.

ராஜவேலின் மணிக்கட்டைப் பிடித்து உடல் கிடந்த பெஞ்சுக்கு இழுத்துக்கொண்டு போனாள் செல்வி. தம்பியின் பொத்தானைப் பிய்த்து, சட்டையை முழங்கைக்கு மேல் ஏற்றினாள். நரம்பு நெடுகக் கறுத்த புள்ளிகள். கடைசிப் புள்ளியைச் சுற்றி நீலம் பூத்திருந்தது.

"பாருடா. அட்டாக் இல்ல. உன் பாக்கெட்ல இருக்கறதுதான்."

ஒப்பாரி நின்றுபோனது. "அடியே!" என்று பாய்ந்து வந்த ராமலிங்கம், எல்லோரும் பார்ப்பதைப் பார்த்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கமலவேணி மாலையை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு ஆட்டோவுக்குத் திரும்பி நடந்தாள்.

ராஜவேல் அந்தக் கையையே வெகுநேரம் பார்த்தான். பிறகு பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

அதற்குள் மூலக்குளத்து அத்தை வந்துவிட்டாள். "என் தங்கமே, தம்பிய வாரிக் குடுத்துட்டியே" என்று ஓடிவந்து செல்வியைக் கட்டிக்கொண்டு அழுதாள். முறைப்படி செல்வியும் இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு அழவேண்டும். ஒரு கையால்தான் கட்டிக்கொண்டாள். மற்றதை மூடியபடியே வைத்திருந்தாள்.