முதல் பத்தியில் செத்துப்போன அப்பா

"கடல் என் அப்பாவை விழுங்கியபோது எனக்கு ஒன்பது வயது."

கட்டுரையின் முதல் வரி இது. எழுதியவர் கிரிதர் சார். நான் அதைப் படித்தபோது என் அப்பா இருசப்பன் எதிரே உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு பிடுங்கிக்கொண்டிருந்தார்.

ஒரு தனியார் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கிறேன். மதிப்பெண் போதாதாம், நான் யார் என்று கட்டுரையும் வேண்டுமாம். முழு உதவித்தொகை கிடைத்தால்தான் படிப்பு. இன்று மாலை ஐந்து மணி கடைசி. திருவிடந்தையில் இலவச வகுப்பு எடுக்கும் கிரிதர் சார், நான் எழுதியதைச் 'சரிசெய்து' செல்போனுக்கு அனுப்பியிருந்தார்.

ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். மீன் ஏலம் விட்டுத் திரும்பிய அம்மா கூடையைத் தொப்பென்று போட்டாள்.

"இன்னாடி இது? கல்லு மாரி குந்திகினு கீற மன்சன சாவடிச்சிட்டு அப்பால காலேஜா?"

அப்பா நிமிரவில்லை. "வுடு சம்பூர்ணம். சீட்டு கெடைக்கும்னா நான் செத்தவனாவே இருந்துட்டுப் போறேன்."

"அப்ப உனுக்கு இனிமே சோறு கெடையாது. படையல்தான்."

அப்பா சிரித்தார். எவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறார்!

நெம்மேலிக் குப்பத்திலிருந்து திருவிடந்தை வகுப்புக்குச் சைக்கிளை மிதித்த வேகத்தில் மூச்சு வாங்கியது.

"சார், எங்க அப்பா உயிரோட இருக்காரு."

கிரிதர் சார் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினார். "அப்படியா? உன் ஸ்கூல் ஃபாரம் எல்லாத்துலயும் அம்மா கையெழுத்துதானே இருக்கு?"

எங்கள் குப்பத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அம்மா கையெழுத்துதான். பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில் அப்பன்கள் கடலில் இருப்பார்கள். ஏலம், ரேஷன், பள்ளிக்கூடம் எல்லாம் பெண்கள் பாடு. இரண்டு வருஷமாகப் பாடம் சொல்லித்தருகிற மனிதர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

"மாத்திடுங்க சார்."

"இதோ பாரு எழில், கட்டுரைக்கு ஒரு ஸ்ட்ரக்சர் இருக்கு. முதல்ல பெரிய அடி. நடுவுல திருப்பம். கடைசியில நீ எழுந்து நிக்கணும். நீ எழுதினதுல என்ன இருந்தது? அம்மா ஏலம் விடறா, வியாபாரியோட சண்டை போடறா, நீ போன்ல காத்து நிலவரம் பாத்துச் சொல்றே. படிக்கறவனுக்கு அழுகையே வராதே!"

"எங்க வூட்ல யாரும் அழ மாட்டாங்க சார். திட்டுவாங்க."

"யாரு வந்து பாக்கப்போறா?"

"நான் தெனமும் பாக்கறனே, எங்க அப்பாவ."

லேப்டாப்பை என் பக்கம் இழுத்தேன். விண்ணப்பத்திலும் 'தந்தை: காலமானார்' என்று இருந்தது. மாற்றினேன். 'தந்தையை இழந்தவர்களுக்கான உதவித்தொகை' என்ற வரி திரையிலிருந்து மறைந்தது. பொதுப்பிரிவு மட்டும் மிச்சம். நாடு முழுவதற்கும் மூன்றே இடம்.

"பாத்தியா? போச்சு," என்றார். "உன் நல்லதுக்குத்தானே செஞ்சேன்?"

அவருடைய கட்டுரையை அழித்துவிட்டு என்னுடையதை ஒட்டினேன். ஒரே ஒரு மாற்றம். எடை குறைத்துச் சொன்ன வியாபாரியின் தராசை அம்மா பிடுங்கி மணலில் வீசிய அந்தக் காலையைத் தூக்கி முதல் பத்தியில் வைத்தேன். மணி நாலு ஐம்பது. அனுப்பினேன்.

"உனக்காகச் செலவழிச்ச நேரத்த வேற யாருக்காவது குடுத்திருக்கலாம்," என்றார்.

"குடுங்க சார். அதுக்கு முன்னாடி அந்தப் புள்ளைகிட்ட அப்பா இருக்காரான்னு ஒரு வார்த்த கேளுங்க."