நூரிஸ் அண்ணி மைக் முன்னால் சொன்னது

என் அண்ணன் அர்னுல்ஃபோவின் மனைவி நூரிஸின் குரல் தெரியாதவர்கள் எங்கள் ஆற்றங்கரை ஊரான மகாங்கேயில் கிடையாது. படகுத்துறைக்கு மேலே இருக்கும் சின்ன வானொலி நிலையத்தில் காலை நிகழ்ச்சி அவளுடையது. செல்போன் எட்டாத சதுப்புத் தீவுகளில் இருப்பவர்களுக்குச் சேதி சொல்வதுதான் அதில் பாதி. "எவாரிஸ்தோ ஐயா, உங்க மக நாளைக்கு மத்தியானப் படகுல வர்றா. கூட ரெண்டு பன்னிக்குட்டியாம். மருமகனைப் பத்தி ஒண்ணும் சொல்லல, நானும் கேக்கல" என்பாள். மகதலேனா ஆற்றின் இரு கரையிலும் சிரிப்பு கேட்கும்.

மழைக்காலம் ஆரம்பித்தபோது அவளுக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தது. பக்கத்து நகரமான சின்செலேஹோவில் ஒரு ஆஸ்பத்திரியில் இடது மார்பை எடுத்தார்கள். அக்குளிலிருந்து சில நெறிக்கட்டிகளையும் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். "முடிவு வர மூணு வாரமாவது ஆகும். அதைப் பாத்துட்டுத்தான் மேல என்னன்னு சொல்ல முடியும்" என்றார் பெண் டாக்டர். சட்டைக்குள் புண்ணின் நீர் வடிய ஒரு ரப்பர் குழாயும், அதன் நுனியில் சட்டையோடு ஊக்குப் போட்டு மாட்டிய சின்னக் குப்பியுமாக அண்ணி வீடு வந்து சேர்ந்தாள்.

பிள்ளைகள் நாலு பேரும் பிழைப்புக்காக வெளியூர் போய்விட்டார்கள். நான் பக்கத்து வீடு. அவளைக் குளிப்பாட்டுவதும் குப்பியைக் காலி செய்வதும் என் வேலை.

வந்து பார்ப்பவர்கள் முன்னால் அவள் பழைய நூரிஸ்தான். எதிர்வீட்டு எதில்சா சூப் பானையோடு வந்து உட்கார்ந்து, "என் ஒண்ணுவிட்ட தங்கச்சிக்கும் இதேதான் நூரிஸ். நல்லாத்தான் நடமாடிக்கிட்டிருந்தா, பாவம், திடீர்னு..." என்று ஆரம்பித்தாள்.

"எதில்சா, தயவுசெஞ்சு கதைய முடிச்சிடாதே. சூப்ப வச்சிட்டு நீ கெளம்பு" என்றாள் அண்ணி. எதில்சாவே சிரித்துவிட்டாள்.

ஆனால் கதவு சாத்தியதும் முகம் மாறிவிடும். செல்போனை என்னிடம் கொடுத்து, "இது என் கண்ணுல படக்கூடாது எலிதா" என்றாள். பிறகு என் வீட்டில் எது ஒலித்தாலும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "யாரு? ஆஸ்பத்திரியா?" என்று குரல் வரும். கட்டு மாற்றும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வாள். "நீ பாத்துக்கோ. எப்படி இருக்குன்னு எனக்குச் சொல்லாத." டாக்டர் சொன்ன கைப்பயிற்சியை மட்டும் விடவில்லை. சுவரில் விரல்களைச் சிலந்தி மாதிரி மெல்ல மேலே ஏற்றுவாள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, நேற்றைவிட ஒரு விரற்கடை மேலே போகும்வரை விடமாட்டாள்.

அண்ணன் துறையில் மோட்டார் படகு ஓட்டுகிறவன். பேச்சே வராத மனுஷன். அந்த நாட்களில் இன்னும் ஊமையாகிவிட்டான். ஒரு மத்தியானம் அவர்களோடு சாப்பிட உட்கார்ந்தேன். பொரித்த மீனின் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து அண்ணியின் தட்டில் வைத்துக்கொண்டிருந்தான். அவள் தட்டைத் தள்ளிவிட்டாள்.

"எனக்கு மார்தான் போச்சு, கை இருக்கு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ராத்திரியில ஏன் நீ என்னை விட்டுட்டுத் தொங்கல் படுக்கையில போய்ப் படுக்கிற? சொல்லு. என்னைப் பாத்தா அருவருப்பா இருக்கா?"

அண்ணன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். "ஐயோ, என்ன பேச்சு இது? தூக்கத்துல புரண்டு உன் தையல்ல கை பட்டுடுமோன்னுதான்."

"அப்ப மூஞ்சியைக்கூடப் பாக்க மாட்டேங்கிறியே?"

"பாத்தா அழுதுடுவேன். நான் அழுதா நீ பயந்துடுவே."

"பைத்தியக்காரா! நான் ஏற்கெனவே பயந்துதான் கெடக்கேன். தனியா பயந்து பயந்து அலுத்துப்போச்சு. இந்தப் பக்கம் வா. சேந்து பயப்படலாம்."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுடைய வலது தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். இரண்டு பேரும் வாய்விட்டு அழுதார்கள். பூனை வந்து மீனைத் தூக்கிக்கொண்டு போனது. யாரும் விரட்டவில்லை. நான் எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் குளித்து முடித்ததும், "கண்ணாடி கொண்டா" என்றாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணைத் திறந்தாள். அக்குள்வரை ஓடிய சிவந்த கோட்டை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"கோணலாத் தச்சிருக்காங்க. உங்கம்மா தச்ச தலகாணி உறைகூட இதைவிட நேரா இருக்கும்" என்றாள். நான் சிரிக்க வாயெடுப்பதற்குள் அவள் உதடு கோணியது. வெறுமையான அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு விசும்பினாள். "நாலு பிள்ளைக்குப் பால் குடுத்துச்சு எலிதா. ஒரு வார்த்தை சொல்லிக்காம போயிடுச்சு." கண்ணாடியைப் பிடித்தபடியே நின்றேன். தோள் கடுத்தது. அவளாகப் போதும் என்று சொல்லும்வரை இறக்கவில்லை.

அந்த வாரம் குழாயை எடுத்தார்கள். அவளுக்குப் பதிலாக நிலையத்து முதலாளி பெனாவிதேஸ் சேதி வாசித்துக்கொண்டிருந்தார். தூக்கக் கலக்கத்தில் ஊர்ப் பெயரை மாற்றி வாசித்து, ஒரு கல்யாண கோஷ்டியையே வேறு துறையில் போய் நிற்க வைத்துவிட்டார். "இந்த ஆளு இன்னும் ஒரு வாரம் வாசிச்சா ஆத்தோரத்துல ஒரு குடும்பமும் ஒண்ணா இருக்காது" என்று சொல்லிவிட்டு, அண்ணி இடது கைக்கு அடியில் தலையணையை வைத்துக்கொண்டு மைக் முன்னால் போய் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். சேதிகளை வாசித்து முடித்தபின் சற்று நிறுத்தினாள்.

"இப்ப என் சேதி. எல்லாரும் குசுகுசுன்னு பேசிக்கிறதை நானே சொல்லிடுறேன். எனக்குப் புத்துநோய். இடது மார எடுத்துட்டாங்க. அது எங்கெல்லாம் போயிருக்குன்னு முடிவு இன்னும் வரல. காத்துக்கிட்டிருக்கேன். தைரியமா இருக்கியான்னு கேக்குறாங்க. இல்லை. போனைக் கண்ணுல படாம ஒளிச்சு வச்சிருக்கேன். புருஷன்மேல எரிஞ்சு விழுறேன். சாமிகிட்ட சண்டை போடுறேன். ஆனா காலையில காப்பி நல்லாத்தான் இருக்கு. அதனால எழுந்திரிச்சு வந்துட்டேன். கோழி சூப் கொண்டு வராதீங்க, வயிறு குளமாயிடுச்சு. அதுக்குப் பதிலா ஒண்ணு செய்யுங்க. குளிக்கிறப்போ உங்க மாரத் தடவிப் பாருங்க. கட்டி தட்டுப்பட்டா என்னை மாதிரி ஆறு மாசம் மூடி வைக்காதீங்க. இப்ப ஒரு பாட்டுக் கேளுங்க."

பெனாவிதேஸ் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

நாங்கள் வெளியே வந்தபோது வாசலில் ரூபி நின்றிருந்தாள். துறையில் மீன் விற்பவள், யாருக்கும் அடங்காத வாய். கையெல்லாம் செதிள். "எனக்கும் ஒண்ணு இருக்கு. கார்னிவல் திருவிழா சமயத்துல இருந்து" என்று முணுமுணுத்தாள்.

"அப்ப ஏன் இங்க நிக்கிற? நட" என்றாள் அண்ணி.

சுகாதார நிலையத்து பெஞ்சில் அவர்கள் கைகோத்து உட்கார்ந்திருந்தார்கள். நான் எதிரே இருந்தேன். கதவு திறக்கும்போதெல்லாம் திடுக்கிட்டு எழப் பார்த்தவள் ரூபி இல்லை, அண்ணி. தன் முடிவே வராதபோது அவள் இன்னொருத்தியின் முடிவுக்காக அங்கே வந்து உட்கார்ந்திருந்தாள். அவளை எத்தனையோ வருஷமாக எனக்குத் தெரியும். அவள் எப்பேர்ப்பட்டவள் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

ரூபிக்கு வெறும் நீர்க்கட்டி. வானொலியைக் கேட்டுப் போன இன்னும் சிலரில், தீவிலிருந்து வந்த ஒரு டீச்சருக்கு அப்படி இல்லை. ஆனால் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

கடைசியில் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். நேரில் வரச் சொன்னார்கள். நானும் கூடப் போனேன். பஸ்ஸில் வழி நெடுக அண்ணன் அவள் கையை விடவில்லை. டாக்டர் நிதானமாகச் சொன்னார்: இரண்டு நெறிக்கட்டிகளில் நோய் இருந்தது, வேறெங்கும் பரவவில்லை. கீமோ கொடுக்க வேண்டும், பிறகு கதிர்வீச்சு. குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது.

"அப்ப இது நல்ல சேதியா, கெட்ட சேதியா?" என்று கேட்டான் அண்ணன்.

"ரெண்டும்தான்" என்றார் டாக்டர்.

அண்ணி தொண்டையைச் செருமினாள். "என் குரல் போயிடுமா டாக்டர்?"

"முடி கொட்டும். குரல் போகாது."

"முடி கொட்டினாக் கொட்டட்டும். வானொலியில யாரு பாக்கப் போறா?" என்றாள்.

வெளியே வந்ததும் அவள் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். மனம் எதற்குத் தயாராக இருந்ததோ அது வரவில்லை. வந்தது என்னவென்று உடம்புக்கு இன்னும் புரியவில்லை. நாங்கள் இருபுறமும் உட்கார்ந்தோம். வெகுநேரம் கழித்து, "பசிக்குது" என்றாள். பஸ் நிலையத்துக் கடையில் முட்டை வைத்துப் பொரித்த சோள அடை வாங்கி, முதலில் தன்னுடையதையும் பிறகு அண்ணனுடையதில் பாதியையும் சாப்பிட்டாள்.

கீமோ அவளைப் படாத பாடு படுத்தியது. பல காலைகளில் பெனாவிதேஸ்தான் வாசித்தார். சிகிச்சை முடிந்து ஒரு வருஷம் ஆகிறது. போன மாதம் பார்த்ததில் ஒன்றும் இல்லை. என்றாலும் ஒவ்வொரு பரிசோதனை நெருங்கும்போதும் அண்ணி எங்கள்மேல் எரிந்து விழுவாள். நானும் அண்ணனும் வாயைத் திறக்க மாட்டோம். ரூபி மட்டும், "ஏய், மீன் வாங்க வந்தியா, சண்டைக்கு வந்தியா?" என்று பதிலுக்குக் கத்துவாள். துறையே வேடிக்கை பார்க்க, இரண்டு பேரும் மூச்சு வாங்கும்வரை திட்டிக்கொள்வார்கள்.