ஐந்து ராஜாவுக்கும் ஒரே கீறல்

பழைய காசுக்கு மதிப்புப் பார்க்கிறவர் முதலில் மின்விசிறியை நிறுத்தினார். காற்றடித்தால் தராசு ஆடுமாம். அறைக்குள் வேர்த்து ஊற்றியது. ஊற்றட்டும், பதினோரு வருஷம் பொறுத்தவளுக்குப் பத்து நிமிஷம் ஒரு பொருட்டா!

கடிகாரம் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே, ஒரு மேஜையும் இரண்டு நாற்காலியும் போட்டால் நிறைந்துவிடும் அறை. மேஜைமேல் அப்பாவின் தகரப் பெட்டி. அதற்குள் மெல்லிய காகிதத்தில் தனித்தனியாகச் சுற்றிய ஐந்து பழைய வெள்ளிக் காசுகள். ஐந்திலும் அதே ராஜா, அதே கிரீடம், அதே நீள மூக்கு.

அப்பா போன மாதம் போய்ச் சேர்ந்தார். வீடு அண்ணனுக்கு, காசு எனக்கு. "வீட்டைவிட இதுதான் ஒசத்தி, உனக்குத்தான் பெரிய பங்கு" என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். நானும் மகராசியாக, வீட்டில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். இந்தக் காசை விற்றுத்தான் ஓர் அறை வாங்க இருந்தேன். ஒரே ஓர் அறை. உள்பக்கம் நானே தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிற மாதிரி.

அவர் காசைத் தராசில் வைத்தார். எண்ணைப் பார்த்தார். எடுத்துவிட்டு அடுத்ததை வைத்தார். முகம் கொடுக்காமலே கேட்டார்.

"இதையெல்லாம் எப்பவாவது கழுவினீங்களா?"

"தொட்டதே இல்ல. தேய்ச்சா மதிப்பு போயிடும்னு அப்பா சொல்லியிருக்கார்."

"நியாயமான பேச்சுதான். பழைய காசைக் கழுவவே கூடாது." ஒரு பஞ்சில் எதையோ நனைத்துக் காசின் விளிம்பில் லேசாக ஒற்றினார். பஞ்சு பழுப்பானது. அடியில் ஈயம் மாதிரி சாம்பல் நிறம். "ஆனா இதை ஒரு தடவை சோப்புத் தண்ணியில போட்டிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்மா."

"என்ன தெரிஞ்சிருக்கும்?"

"வார்ப்பு. வெள்ளியே இல்ல. எடை குறையுது. விளிம்புல பாருங்க, ரெண்டு பாதியும் சேர்ற இடத்தை அரம் போட்டு ராவியிருக்காங்க."

"அஞ்சுமா?"

"அஞ்சும்தான்." உருப்பெருக்கிக் கண்ணாடியை என் பக்கம் நகர்த்தினார். "என் பேச்சை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்க. அசல் காசு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கையில புழங்கினது. அதுக்குன்னு ஒரு அடி, ஒரு தேய்மானம் இருக்கும். ஒரே காசுல அச்சு எடுத்து வார்த்தா, அந்தக் காசோட காயம் எல்லாத்துக்கும் வந்துடும். மூக்குக்குக் கீழ பாருங்க."

லென்ஸ் பிடிக்க எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். ஒரு காலத்தில் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்தவள் நான். குனிந்து பார்த்தேன். ராஜாவின் மூக்குக்குக் கீழே மீசை மாதிரி ஒரு கோணல் கீறல். அடுத்த காசிலும் அதே இடத்தில், அதே கோணலில். ஐந்திலும்.

எனக்குக் குப்பென்று வேர்த்தது, விசிறி இல்லாததால் அல்ல. அந்த மீசை நான் வரைந்தது. ஒன்பது வயதில், கவராயத்தின் முனையால், ஒரு காசில். ஒரே ஒரு காசில்! அதற்காக அப்பா அடிக்கோல் உடையும்வரை அடித்தார். முழங்காலுக்குக் கீழே தடித்துப்போய் ஒரு வாரம் நொண்டினேன்.

"அப்படின்னா அசல் காசு எங்க வீட்ல இருந்திருக்கு" என்றேன்.

"இருந்திருக்கு. இல்லாம அச்சு எடுக்க முடியாதே" என்றார். மின்விசிறியைப் போட்டுவிட்டார். பார்த்ததற்குக் கூலி வேண்டாம் என்றார் பாவம். அந்த இரக்கம்தான் தாங்கவில்லை.

நேரே அண்ணனின் பெயின்ட் கடைக்குப் போனேன். போகிற வழியெல்லாம் பழைய கணக்குதான் ஓடியது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் கண்ணாடிக் கடைக்காரர்கள் என்னை வேறு ஊர்க் கிளைக்குப் பொறுப்பாளராகப் போகச் சொன்னார்கள். துணிமணி அடுக்கிப் பெட்டியோடு கூடத்துக்கு வந்தாயிற்று. அப்போது அப்பாவுக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்து மூன்று மாதம். அன்றைக்குத்தான் தகரப் பெட்டியைத் திறந்து காட்டி, "நீ இருந்தா இது உனக்கு" என்றார். இருந்தேன். மலம் அள்ளினேன், முதுகுப் புண்ணுக்கு மருந்து போட்டேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார், என்னையும் தள்ளி நின்று பார்க்கச் சொல்வார். "தொடாதே" என்பார். நானும் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பேன்.

அண்ணன் கல்லாவில் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணா, அப்பாவோட காசு அஞ்சும் போலியாம்."

'என்னது!' என்று அவன் பதறவில்லை. கை பாட்டுக்கு ஒரு டப்பாவின் மூடியைத் துடைத்தது. "யார்கிட்ட காட்டின?" என்றான்.

போதும், எனக்கு வெளிச்சமாகிவிட்டது. "எப்ப வித்தீங்க?"

டப்பாவைத் தள்ளி வைத்தான். "கடை வைக்க முதல் வேணும்னு கேட்டேன். அப்பாதான் எடுத்துக் கொடுத்தார். நாலை வாங்கிட்டாங்க. ஒண்ணுல கீறல் இருக்கு, வேணாம்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. மிஞ்சின அதை வச்சு அஞ்சு வார்த்துட்டு வான்னு அப்பாதான் அனுப்பினார்."

"எப்ப?"

"நீ ஊருக்குக் கிளம்பறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணலியா?"

"சொல்லியிருந்தா நீ இருந்திருப்பியா?"

அடப்பாவி. எவ்வளவு சாதாரணமாகக் கேட்கிறான்! 'இரும்மா, என்னால முடியல' என்று அப்பா வாய்விட்டுக் கேட்டிருந்தால் இருந்திருப்பேனோ என்னவோ. யாருமே கேட்கவில்லையே. ஈயத்தைக் காட்டி என் தலையில் மிளகாய் அரைத்தார்கள், நானும் தலையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அந்த அஞ்சாவது காசு எங்க?"

அவன் கண் தன்னையறியாமல் சுவர்ப் பக்கம் போனது. ஆணியில் கடை ஷட்டர் சாவிக்கொத்து தொங்கியது. அதில் ஒரு வெள்ளிக் காசு, கிரீடத்தில் ஓட்டை போட்டு வளையம் கோத்திருந்தது. எட்டி எடுத்து வெளிச்சத்தில் திருப்பினேன். மூக்குக்குக் கீழே என் மீசை.

"எடுத்துக்கோயேன்" என்றான் தாராளமாக. "கீறல் ஒரு பக்கம், ஓட்டை ஒரு பக்கம். அதுக்கு ஒண்ணும் வராது."

வளையத்தைப் பிரிக்க நகம் பெயர்ந்தது. அண்ணன் எழுந்து வந்து உதவவில்லை. காசு கழன்று உள்ளங்கைக்கு வந்தது. கனமாக இருந்தது. அப்பா எனக்கென்று கொடுத்ததில் அசலாக இருந்தது இந்தக் காசுக்காக வாங்கிய அடி மட்டும்தான்.

"சாவியை எதுல மாட்டறது இப்ப?" என்று முணுமுணுத்தான் அண்ணன்.

தகரப் பெட்டியைத் திறந்து ஐந்தையும் கல்லாமேல் கவிழ்த்தேன். ஒன்று உருண்டு கீழே விழுந்தது. சத்தம்கூடச் சரியாக வரவில்லை.

"இதுல ஒண்ணை மாட்டிக்கோ. தைரியமா ஓட்டை போடு, மதிப்பு ஒண்ணும் போயிடாது" என்றேன். காலிப் பெட்டியையும் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.