கோட்டைக்கதவைத் திறக்கும் விதி

காத்தவராயனுக்கு ஆட்டத்தை ஆரம்பிக்கத் தெரிந்தது, முடிக்கத்தான் தெரியவில்லை. மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரையில் விற்க, பரமபத படம் மாதிரி புதுசாக ஒரு ஆட்டம் வேண்டும் என்று அச்சாபீஸ் முதலாளி இராமதாஸ் கேட்டிருந்தார். அங்கே அச்சுக் கோக்கிற காத்தவராயன், அந்தக் காலத்தில் இங்கிலீஷ்காரன் புதுச்சேரிக் கோட்டையை முற்றுகை போட்ட கதைக்குக் கட்டம் போட்டான். உள்ளே பிரெஞ்சுக்காரன், வெளியே இங்கிலீஷ்காரன். உதவிக்குக் கப்பல் வரும்வரை தாக்குப்பிடித்தால் உள்ளே இருப்பவனுக்கு வெற்றி. சும்மா சொல்லக்கூடாது, ஆள் மூளைக்காரன்.

ஆனால் எப்படி ஆடினாலும் கப்பல் வருவதற்குள் கோட்டையில் அரிசி தீர்ந்துபோனது. கடைசியில் அசல் கதையில் நடந்ததையே விதியாக்கினான். ஊர்ச்சனக் காய்களை வெளியே தள்ளினால் அரிசி மிஞ்சும். இங்கிலீஷ்காரன் அவர்களைத் தாண்டிப் போக விடமாட்டான். நடுவெளியில் கிடக்க வேண்டியதுதான். கோட்டைக்காரன் மனசு வைத்தால் எந்தச் சுற்றிலும் கதவைத் திறந்து அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம். சேர்த்தால் கப்பலைக் கண்ணால் பார்க்கமாட்டான்.

இராமதாஸ் தொடையைத் தட்டினார். "இதான்யா ஆட்டம்! ஜெயிக்கணும்னா கல்நெஞ்சு வேணும். திங்கக்கெழம அச்சுக்குப் போவுது."

அவர் சொன்னது ஆட்டத்தை. இவனுக்கு எங்கே சுட்டது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஐம்பத்துநாலில், புதுச்சேரியை இந்தியாவோடு சேர்க்கிற போராட்டத்தில் எல்லையை அடைத்தார்களே, அப்போது ஊரே அரிசிக்குப் பறந்தது. காத்தவராயனின் பெண்டாட்டி மாசமாக இருந்தாள். புருஷனைப் பறிகொடுத்த தங்கை வேம்பும், அவள் மகள் சின்னப்பொண்ணும் அதே வீட்டில். "கொஞ்ச நாளைக்கு விழுப்புரத்துல ஒன் நாத்தனார் வூட்டுல இரும்மா" என்று இவன்தான் அனுப்பிவைத்தான். எல்லையில் அந்தப் பக்கத்துக் காவல், அனுமதிச் சீட்டு இல்லை என்று மறித்தது. இந்தப் பக்கத்துக் காவலோ, வீட்டு ஆம்பளை வந்து கையெழுத்துப் போட்டால்தான் திரும்ப விடுவேன் என்றது. வேம்பு குழந்தையோடு புளியந்தோப்பில் உட்கார்ந்துகொண்டு, விறகு வண்டிக்காரர் சாமிக்கண்ணுவிடம் அண்ணனுக்குச் சேதி சொல்லி அனுப்பினாள். யாரும் வரவில்லை. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டு, தோப்பிலேயே உயிர் போனது.

சேதி வந்து சேரவே இல்லை என்று காத்தவராயன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். சாமிக்கண்ணுவும் அந்த வருஷமே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். வேம்பு நம்பினாள். நம்பியதால்தான், மில் வேலைக்குப் போய்த் தனியாக இருந்தாலும், ஞாயிற்றுக்கிழமையானால் மறுபடி அண்ணன் வீட்டுப் படி ஏறினாள். இவனை விட்டால் அவளுக்கு நாதியில்லை. அவள் வராத ஞாயிற்றுக்கிழமை இவனுக்கும் சோறு இறங்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தபோது அவன் அட்டையை விரித்து வைத்திருந்தான். சட்டென்று சுருட்டப் போனான். விட்டால்தானே!

"என்னண்ணே மறைக்கிற? எனக்கும் சொல்லிக்குடு. நான் கோட்ட" என்று உட்கார்ந்துவிட்டாள்.

நன்றாகவே ஆடினாள். மில்லில் நூல் இழுக்கிற கை, தாயக்கட்டையை லாவகமாக உருட்டியது. அரிசி குறைந்ததும் அண்ணன் முகத்தைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் அவன் விதியைச் சொன்னான். ஆட்டம்தானே என்று ஊர்ச்சனமாக வைத்திருந்த புளியங்கொட்டைகளை வெளியே தள்ளினாள். அவன் தன் காய்களால் வழியை மறித்தான்.

"இவங்க நடுவுல மாட்டிக்கினது உள்ள இருக்கறவனுக்குத் தெரியுமா?"

"மதில் மேல நின்னா தெரியும்."

"தெரிஞ்சுமா வுட்டான்? நாசமாப் போறவன்!" என்று அத்தனை கொட்டைகளையும் கையால் வாரிக் கோட்டைக்குள் போட்டாள். அரிசி தீர்ந்தது. தோற்றுப்போனாள். "தோத்துட்டுப் போறேன் போ" என்று சிரித்தாள்.

சிரிப்பு அடங்கியதும் மெதுவாகச் சொன்னாள். "ஒனக்குச் சேதி வரல. வந்திருந்தா சைக்கிள மிதிச்சிக்கினு ஓடியாந்திருப்ப. மில்லுல எவ என்ன பேசினாலும் நான் அதத்தாண்ணே சொல்றேன்."

அதைவிட அவள் செருப்பைக் கழற்றி அடித்திருக்கலாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அடுத்த வாரமும் வருவாள், அண்ணே என்பாள். அந்த அண்ணனாக இன்னொரு நாள் உட்கார்ந்திருக்க அவனால் முடியவில்லை.

"வேம்பு, சேதி வந்துச்சும்மா."

அவள் நிமிர்ந்தாள். "எப்ப?"

"மறுநாளே. சாமிக்கண்ணு வாசல்ல நின்னு சொன்னாரு. எப்படியும் அந்தப் பக்கம் வுட்டுடுவான்னு நெனச்சேன். இல்லம்மா, அப்படின்னு என்னையே ஏமாத்திக்கினேன். அரிசி பத்தாதேன்னு பயந்துட்டேன். பாவி நான்."

அவள் அட்டையில் கிடந்த புளியங்கொட்டை ஒன்றைக் கையில் எடுத்தாள்.

"மறுநாள் கொழந்த நல்லாத்தான் இருந்தா" என்றாள். "மாமா எப்ப வரும், மாமா எப்ப வரும்னு கேட்டுக்கினே வெளயாடிக்கினு இருந்தா."