உட்கார்ந்தபடி ஓர் அளவு

தையற்காரிக்கு அன்று காலையிலேயே உடம்பு அசந்துபோயிருந்தது. சந்தோஷப்பட வேண்டிய நாள்தான். நாலு வருஷம் நாயாய் அலைந்து, வனத்துறை அலுவலகத்தின் வாசலைத் தேய்த்து, ஏரிக்கரை வரை சக்கர நாற்காலி போகிற மாதிரி முந்நூறு மீட்டருக்குப் பலகைப் பாதை போட்டாயிற்று. ஆனால் சந்தோஷப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே, அது அவளிடம் மிச்சமில்லை.

எல்லாம் தம்பிக்காக ஆரம்பித்தது. மின்கம்பத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போனவன். அதற்கு முன்பு விடுமுறை கிடைத்தால் அந்த ஏரிக்கரையிலேதான் கிடப்பான். விழுந்த பிறகு இரண்டு தடவை அவனை அங்கே அழைத்துப்போனாள். முதல் தடவை சக்கரம் சேற்றில் மாட்டியது. இரண்டாம் தடவை முன்பின் தெரியாத நாலு பேர் அவனை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். அதில் ஒருவர் போகிறபோக்கில் அவன் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனார். முப்பத்தாறு வயது ஆளை!

வீட்டுக்கு வந்ததும் அவன் சொன்னான்: "இனிமே கூப்பிடாதேக்கா. எல்லாம் சரியா இருக்குன்னு உனக்கே நிச்சயமாத் தெரிஞ்சா ஒரே ஒரு தடவை கூப்பிடு, வர்றேன். அதுவும் சரிப்படலைன்னா அத்தோட விட்டுடு."

அந்த ஒரே ஒரு தடவையைத்தான் அவள் நாலு வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள்.

'எல்லோருக்கும் ஏரி' என்று அறக்கட்டளை ஒன்றைப் பதிவு செய்தாள். பேருக்கு ஏழு உறுப்பினர்கள். வேலைக்கு அவளும் ஒரு தச்சரும்தான். எதைச் சொன்னாலும் 'ஆகட்டும்' என்பார் தச்சர், ஊரே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. வனத்துறையில் ஓர் அதிகாரி வாய்த்திருந்தார். வரைபடத்தில் ஒரு மரம் விட்டுப்போயிருக்கிறது என்பார். மரத்தைப் போட்டுக்கொண்டு போனால், தேதி பழசாகிவிட்டது என்பார். கெட்ட மனிதராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டாவது வந்திருக்கலாம். அவர் அதுவும் இல்லை. நடுவில் ஒரு மழையில் பாதிப் பாதை அடித்துக்கொண்டு போனது. திரும்பப் போட்டுவிடலாமா என்று இவள் கேட்டாள். தச்சர் வழக்கமான பதிலைச் சொன்னார். அன்றைக்கு மட்டும் அவர் காலில் விழலாம் போலிருந்தது.

நிச்சயமாகத் தெரிய வேண்டும் என்றானே தம்பி. அவன் எடைக்குச் சரியாக இரண்டு மணல் மூட்டைகளை ஒரு பழைய சக்கர நாற்காலியில் கட்டி, பாதை முழுக்கத் தள்ளிப் பார்த்தாள். மூச்சு வாங்கிய இடத்தில் சரிவைக் குறைத்தார்கள், சக்கரம் தட்டிய இடத்தில் பலகையை இழைத்தார்கள். பார்த்தவர்கள் அவளுக்கு மூளை பிசகிவிட்டது என்றே நினைத்தார்கள். பதினோராவது தடவை மூட்டைகள் இம்மியும் அசையாமல் ஏரி முனை வரை போய்ச் சேர்ந்தன. அன்று மாலை தம்பியைக் கூப்பிட்டாள்.

மறுநாள் அவன் முகம் மழித்து, அவள் தைத்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். யாரும் கை வைக்கவில்லை; தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு முனையிலிருந்த மேடை வரை போனான். பின்னால் நின்று அவள் ஏரியைப் பார்த்தாள். தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது, அக்கரையில் வெள்ளையாக ஒரு கொக்குக் கூட்டம். எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அவன் கழுத்தை நீட்டினான், குனிந்தான், பிறகு நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டான்.

"நல்ல பலகைக்கா," என்றான்.

சட்டென்று அவன் பக்கத்தில் மண்டி போட்டுப் பார்த்தாள். அவன் கண்ணுக்கு நேராக மேடை ஓரத் தடுப்பின் மேல்பலகை, ஒரு சாண் அகலத்துக்கு. அதற்கு மேலே வெறும் வானம். கீழே சட்டங்களின் இடுக்கில் கொஞ்சம் சேறு. மூட்டைக்கு எடை இருந்தது, கண் எங்கே இருந்தது? வருகிறவர்களையெல்லாம் நிற்கவைத்தே அளவெடுத்துப் பழகிய கை அது. தடுப்பையும் நின்றபடி தன் மார்புயரத்துக்கே அளந்து தொலைத்திருந்தது.

கூட வந்திருந்த தச்சர் ரம்பத்தை எடுத்தார். அவள் தடுத்தாள். அனுமதித்த வரைபடத்தில் அந்த உயரம்தான் இருந்தது. மாற்றினால் அனுமதியே ரத்து. மறுபடி மனு, மறுபடி அதே அதிகாரி, அதே தேதி. அப்படியே பலகையில் சரிந்து உட்கார்ந்து அழுதாள்.

"என்னால முடியலடா. விட்டுடலாம்."

அவன் சரி என்றுதான் சொல்வான் என்று நினைத்தாள். அவனுக்கோ கோபம் வந்தது.

"மூட்டைய பதினோரு தடவை கூட்டிட்டு வந்திருக்கே. என்னை ஒரு தடவை கூட்டிட்டு வரத் தோணலையா?"

"உனக்குத்தான் சங்கடமா இருக்குமேன்னு..."

"என் சங்கடத்தை நான் பாத்துக்கறேன். டேப்பை எடு."

தரையிலிருந்து அவன் கண் வரை அளந்தாள். பிறகு, ஏனென்று தெரியாமல், தோளையும் அளந்தாள். சக்கரம் தள்ளித் தள்ளி அது இரண்டு விரல் அகன்றிருந்தது. விழுந்த பிறகு அவனை அளந்ததே இல்லை. பழைய அளவிலேயே சட்டை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இறுக்குகிறது என்று அவனும் சொன்னதில்லை. அது நினைவுக்கு வந்ததும் இன்னும் அழுகை வந்தது.

திங்கட்கிழமை புது அளவோடு மனு எழுதிக்கொண்டு இருவருமாக அலுவலகம் போனார்கள். வாசலில் ஐந்து படிகள். மனுவை மேலே அனுப்பச் சொல்லி அதிகாரி ஆள் அனுப்பினார். தம்பி கொடுக்க மறுத்தான். ஒரு மணி நேரம் வெயிலில் இருந்தார்கள். கடைசியில் அதிகாரியே இறங்கி வந்தார். வரைபடத்தைப் பார்க்க வசதியாக, வேறு வழியில்லாமல் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். இரண்டு முறை படித்துவிட்டு, ஒரு மாதம் ஆகும் என்றார். நாலு வருஷப் பழக்கத்தில் அவள் தலையாட்டிவிட்டாள்.

"ஆகட்டும் சார், அடுத்த மாசம் நானே வர்றேன்," என்றான் தம்பி. "நீங்க இங்கேயே வந்துடுங்க."

அதிகாரி திரும்பி அந்தப் படிகளைப் பார்த்தார். பிறகு ஏறிப் போனார்.

திரும்பும்போது மனுக் காகிதங்கள் இருந்த பையை அவளிடமிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான் தம்பி. அவளுக்குக் கால் வலித்தது, அனுமதியும் கிடைக்கவில்லை. இருந்தாலும் வெறுங்கையை வீசிக்கொண்டு அவன் பக்கத்தில் நடந்தாள்.