நாலாவது கத்தி

கோகிலாவின் தட்டு வெட்டும் மிஷினுக்கு மூன்றாவது கத்தி பொருத்திய பிறகு, அது சோளத்தட்டோடு சேர்த்துத் தூரத்தையும் வெட்ட ஆரம்பித்தது. கருக்கம்பாளையத்தில் இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை. கத்தி கூடினால் வெட்டும் கூடத்தானே செய்யும். கோகிலாவின் ஓரகத்தி தெய்வானைக்கு மட்டும் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்தபோது மூத்தவன் சென்னியப்பனுக்கு ரோட்டோர வீடு வந்தது. சென்னியப்பனின் மனைவிதான் தெய்வானை. வாசலில் நின்றால் நேர் எதிரே பால் சொசைட்டி. சின்னவனுக்கும் கோகிலாவுக்கும் இட்டேரியின் கடைசியில் இருந்த தோட்டத்து வீடு. இரண்டு பக்கமும் கிளுவை வேலி வைத்த அந்த மண்பாதை சொசைட்டிக்குப் பக்கத்தில்தான் ரோட்டில் வந்து சேரும். கோகிலா பால் கேனைத் தூக்கிக்கொண்டு அத்தனை தூரமும் நடந்து வருவாள். முகமெல்லாம் வேர்த்து, ரவிக்கை முதுகில் ஒட்டியிருக்கும். தெய்வானை சொம்பில் தண்ணீரோடு வாசலில் நிற்பாள்.

"வெயில்ல இப்படி வாரியே கண்ணு. இந்தா, குடி."

அண்ணாந்து குடிக்கும் கோகிலாவின் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்ப்பதில் தெய்வானைக்கு ஒரு நிறைவு இருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கோகிலாவிடம் தெய்வானையை உறுத்தாத விஷயம் ஒன்றுகூட இல்லை. நிறம், முடி, மாமியார் தன் காதிலிருந்து கழற்றிக் கொடுத்த தோடு என்று எல்லாமே உறுத்தியது. ஆனால் சொசைட்டி தெய்வானைக்குத்தான் பக்கம். அந்த ஒன்று போதுமாக இருந்தது.

மூன்றாவது கத்தி வந்த பிறகு இட்டேரி குறைய ஆரம்பித்தது. மண் குறையவில்லை, யார் தோட்டமும் சுருங்கவில்லை. நடுவில் இருந்த சோளக்காட்டில் பழையபடியே விளைந்தது. அதைக் கடக்க வேண்டிய தூரம் மட்டும் இல்லாமல் போயிற்று. மின்சார வாரியத்து லைன்மேன் வந்து, தொங்கிப்போன கம்பியைச் சுருட்டிக் கம்பத்தில் மாட்டிவிட்டுப் போனார். தை முடிவதற்குள் கோகிலாவின் வீடு இட்டேரி முனைக்கே வந்துவிட்டது. சொசைட்டிக்கு ஒட்டினாற்போல, ரோட்டுக்கு அந்தப் பக்கம், தெய்வானை வீட்டைப் பார்த்தபடி நின்றது.

ஒருநாள் கோகிலா நான்கு எட்டு வைத்துப் பாலை ஊற்றிவிட்டுத் திரும்பினாள். தெய்வானை சொம்பை நீட்டினாள்.

"வேண்டாங்க்கா. தாகமே எடுக்கல" என்றாள் கோகிலா.

தெய்வானை அந்தத் தண்ணீரைச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றினாள். பிறகு செடியையும் பிடுங்கிப் போட்டாள்.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். வெட்டிய தூரம் தட்டோடு கலந்து மாட்டின் தீவனத்தில் போய்ச் சேர்ந்தது. தூரம் தின்ற மாட்டின் பால் எத்தனை தூரம் போனாலும் கெடுவதில்லை. சென்னைக்குப் போய் இறங்கும்போதும் கறந்த சூடு ஆறாமல் இருப்பதாகச் சொசைட்டிச் செயலாளர் குப்புராஜ் சொன்னார். கோகிலாவின் கேனுக்கு மட்டும் ஒரு பலகை போட்டு, தனியாக முன்னால் வைத்தார். எத்தனையோ வருஷமாக முன்னால் நின்ற தெய்வானையின் கேன் பின்வரிசைக்குப் போனது.

"ஏனுங்க செயலாளரே, எம் பாலுல தண்ணி கலந்திருக்குதுங்களா?"

"சேச்சே. உங்க பாலு நல்ல பாலுங்க. பக்கத்துப் பாலு, அவ்வளவுதான்" என்றார் குப்புராஜ்.

பக்கத்துப் பால் என்ற சொல் தெய்வானையின் நெஞ்சில் மீன் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. மறுநாளே தன் வீட்டுத் தட்டு மிஷினைக் கழற்றி, வேனில் ஏற்றி, காங்கயத்தில் காதர் பாயின் லேத்துப் பட்டறையில் கொண்டுபோய் இறக்கினாள்.

காதர் பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "கத்தி மொன்னையாயிருச்சுங்களா?"

"கோகிலாளுக்கு மூணு போட்டுக் குடுத்தீங்களாமா. எனக்கு நாலு போடுங்க."

"போடலாங்கம்மா. சக்கரம் ஒரு பக்கமா இழுக்காத அளவுக்குக் கத்தியெல்லாம் ஒரே எடையில இருக்கோணும். தட்ட உள்ள இழுக்கற உருளைக்கும் பல்லு மாத்தோணும். அதெல்லாம் பண்ணிரலாம். ஆனா உங்களுக்கு எந்தத் தூரத்த வெட்டறது? சொசைட்டிதான் எதுத்தாப்பலயே இருக்குதே."

தெய்வானை இதை யோசித்திருக்கவில்லை. "அவளுது எப்படி வெட்டுது?"

"தட்டத் தள்ளறப்போ ஆளோட கண்ணு எங்க இருக்குதோ, அந்தத் தூரத்த வெட்டும். அந்தம்மா சொசைட்டியப் பாத்துட்டே தள்ளியிருப்பாங்க."

"அப்ப நானும் எங்கியாச்சும் பாத்துக்கறேன். நீங்க போடுங்க."

"கண்ண எங்கியோ வெச்சுட்டுக் கைய மிஷின் வாயில உட்டீங்கன்னா போச்சு" என்றார் காதர் பாய். அதனால் கை உள்ளே போகாதபடி வாய்க்கு மேல் ஒரு கம்பிக் கூடு அடித்தார். சிக்கிய தட்டை வெளியே தள்ளுவதற்கு ஒரு லீவரும் வைத்துக் கொடுத்தார். கோகிலாவின் மிஷினில் லீவர் இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் தெய்வானை வேனில் ஏறினாள்.

மிஷினை மாட்டி முடித்ததும் சென்னியப்பன் பக்கத்தில் வந்து நின்றார்.

"தெய்வான, தாராபுரம் பக்கமாப் பாத்து வெட்டு. சுகந்தி மாசமா இருக்கறா. புள்ள பக்கத்துல வந்துட்டா நாம பாத்துக்கலாம்."

சுகந்தி அவர்களுடைய ஒரே மகள். தாராபுரத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தெய்வானைக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. தாராபுரம் தெற்கே இருந்தது. தெற்கே திரும்பி உட்கார்ந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கை தட்டை அள்ளி மிஷின் வாயில் வைத்தாள். உருளை இழுத்தது. சக்கரம் சுற்றியது. நாலு கத்தியும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிய சத்தம் கேட்கவே சுகமாக இருந்தது. அதே நேரம் எதிர்வீட்டில் கோகிலா வாசலுக்கு வந்து, குளித்த தலையைத் துவட்ட ஆரம்பித்தாள். தெய்வானையின் கண் தெற்கே நிற்கவில்லை.

"எங்க பாக்கற?" என்றார் சென்னியப்பன்.

"தாராபுரத்தத்தான்."

ரோடு குறுகியது. முதலில் எதிரெதிரே வரும் பஸ்கள் ஒன்றுக்கொன்று நின்று வழி விட்டன. பிறகு ஒரு பஸ்ஸுக்கே இடம் போதாமல் ஒருக்களித்துப் போயின. பயணிகள் கருக்கம்பாளையம் வந்ததும் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, தாண்டியதும் விட்டார்கள். தெய்வானை ஒவ்வொரு நாளும் இன்று தெற்கே பார்ப்போம் என்றுதான் உட்கார்ந்தாள். கோகிலாவின் கொடியில் புதுச்சேலை காயும். கோகிலாவின் புருஷன் அவளுக்குக் கனகாம்பரம் வாங்கி வருவான். தட்டு தீர்ந்துபோகும்.

பங்குனியில் ஒரு காலை, இரண்டு வாசல்களும் ஒட்டிக்கொண்டன. கதவைத் திறந்தால் கோகிலாவின் கூடம். தெய்வானை அவசரமாக ஓடிப்போய் லீவரைப் பிடித்துப் பின்னால் தள்ளினாள். கொஞ்சம் தட்டும் ஒரு விரற்கடைத் தூரமும் மட்டும் வெளியே வந்து விழுந்தன. மிச்சத்தை எல்லாம் தெய்வானையின் மாடு மயிலை எப்போதோ தின்றுவிட்டிருந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவே உண்டான அந்த இடுக்கில் ஒரு பல்லி போயிற்று.

"வாங்க்கா" என்றாள் கோகிலா, உள்ளேயிருந்து. "காபி குடிக்கறீங்களா?"

கோகிலா எங்கேயோ கிளம்பிக்கொண்டிருந்தாள். தூக்குப்போசியில் புளிச்சாதம், ஒரு பாட்டில் தண்ணீர், தலையில் வைக்கச் சும்மாடு, பக்கத்தில் தீவனக் கூடை.

"எந்த ஊருக்குக் கண்ணு?"

"ஊருக்கு இல்லீங்க்கா. மாட்டுக்கு."

தெய்வானை பின்கட்டுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். மாடு கட்டும் கட்டுத்தாரையில் கோகிலாவின் பசு செவலை நின்றுகொண்டிருந்தது. கோழி அளவுக்குத்தான் தெரிந்தது. இட்டேரியின் நீளம் முழுக்க அதன் வயிற்றுக்குள் போயிருந்ததால், அந்த நீளத்தை நடந்தால்தான் மாட்டின் மடிக்குப் போய்ச் சேர முடியும்.

"காலையில போனா மத்தியானத்துக்குள்ள வந்தர்றனுங்க."

"வெயில்ல எப்படிப் போவ?" என்று கேட்டாள் தெய்வானை. கேட்கும்போதே அவளுக்குள் பழைய நிறைவு மெல்லத் தலைதூக்கியது. சொம்பு எங்கே இருக்கிறது என்று கண் தேடியது.

"அந்தத் தூரத்துல வெயிலே இல்லீங்க்கா. மாடு தின்ன தூரமுங்களே. குளுகுளுன்னு இருக்கும். ஒரு பக்கமா மல்லிகை வாசம் வரும். ஒரு ஆளும் குறுக்க வராது. மாமியா கூப்படற சத்தம், மூத்தவங்க பேசறது, ஒண்ணும் கேக்காது. நடந்துட்டே இருக்கலாம்." கோகிலா கூடையைத் தலைக்கு ஏற்றினாள். "உங்க மயிலைக்கு எவ்வளவு தூரமுங்க்கா?"

தெய்வானை தன் கட்டுத்தாரையைத் திரும்பிப் பார்த்தாள். மயிலை கொஞ்சம் தள்ளி நின்றது, ஆட்டை விடப் பெரிதாக. இருப்பதெல்லாம் ஒரு ரோட்டின் அகலம். இரண்டு பெருமூச்சு விடுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.

"அது கெடக்குது போ" என்றாள்.

கோகிலா மாட்டை நோக்கி நடந்து, நடந்து, எறும்பாகி, செவலையின் பக்கத்தில் போய் உட்கார்ந்து கறப்பதைத் தெய்வானை பின்கட்டிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கறந்து முடித்தபின் கோகிலா உடனே கிளம்பவில்லை. மாட்டின் மேல் சாய்ந்துகொண்டு புளிச்சாதம் சாப்பிட்டாள். பாடினாள் போலிருந்தது. அவள் பாடுவதைத் தெய்வானை ஒருநாளும் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் மிஷினைத் தெற்கே திருப்பிப் போட்டாள். முக்காட்டை இரண்டு பக்கமும் இழுத்து, குதிரைக்குக் கட்டுவது மாதிரி கண்ணுக்கு ஓரங்களில் மறைத்துக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த தூரங்களிலேயே பெரிய தூரம் தாராபுரம்தான். கண்ணை அசைக்காமல் வெட்டினாள். தட்டுப்போர் கரைந்தது. பக்கத்துத் தோட்டங்களில் தட்டு வாங்கி வந்து வெட்டினாள். கத்தி மழுங்கினால் தானே சாணை பிடித்தாள். உருளை திணறாமல் இருக்க, தன் யோசனையில் ஒரு ஸ்பிரிங்கும் மாட்டினாள். அது நன்றாகவே வேலை செய்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் மயிலை சிறுத்தது. ஆடு, கோழி, புறா, பிறகு ஒரு புள்ளி.

"இன்னிக்காச்சும் தாராபுரத்தப் பாத்தியே" என்று சென்னியப்பன் கண் கலங்கினார். தெய்வானை அடுத்த கை தட்டை மிஷின் வாயில் வைத்தாள்.

சித்திரை பிறந்த வாரத்தில் சுகந்தியின் வீடு புறக்கடைக்கு வந்து சேர்ந்தது. மாப்பிள்ளை பல் விளக்கிக்கொண்டே வெளியே வந்து மாமனாருக்கு வணக்கம் சொன்னார். சுகந்தி வயிற்றைத் தாங்கிக்கொண்டு வாசற்படியில் நின்றாள்.

"என்னையப் பாத்துட்டேதான் வெட்டுனியாம்மா? அப்பா சொன்னாரு."

"ஆமா கண்ணு."

"வா, உக்காரு. ஆசையாப் பணியாரம் சுட்டிருக்கறேன். ரெண்டு வார்த்தை பேசீட்டு இரு."

தெய்வானை மகளின் முகத்தைப் பார்த்தாள். கன்னம் வற்றியிருந்தது. தலை வாரிவிட வேண்டும் போலிருந்தது. அதற்குள் எதிர்வீட்டில், அதாவது பக்கத்து அறையில், கோகிலா தூக்குப்போசியை மூடும் சத்தம் கேட்டது.

"சாயங்காலம் வாரேன் சாமி. மாடு தூரத்துல இருக்குது. பஸ்ஸ உட்டுட்டா அப்புறம் இல்ல" என்றாள் தெய்வானை. இரண்டு பணியாரத்தை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

இரண்டு மாடுகளும் தூரமாகிவிட்டதால் அந்த மாதத்திலிருந்து பஸ் விட்டிருந்தார்கள். கோகிலாவின் பின்கட்டிலிருந்து கிளம்பும். முன்னால் பலகையில் பெரிய எழுத்தில் மயிலை என்றும், கீழே சின்னதாக வழி செவலை என்றும் எழுதியிருந்தது. தெய்வானை தினமும் பஸ்ஸின் முன்னால் ஒருமுறை போய், பலகையைப் படித்துவிட்டுத்தான் ஏறுவாள். தீவனக் கூடைகளை மேலே போட்டுக் கட்டினார்கள். தெய்வானை ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கோகிலா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கோகிலா சொன்னது எல்லாம் சரியாகவே இருந்தது. வெயில் இல்லை. மல்லிகை வாசம் வந்தது. சத்தமில்லாமல் போயிற்று பஸ். தெய்வானை பணியாரத்தில் ஒன்றை எடுத்துக் கடித்தாள். மகளின் கைப்பக்குவம் அப்படியே தன்னுடையது மாதிரி இருந்தது. இன்னொன்றைக் கோகிலாவுக்குக் கொடுக்கலாமா என்று யோசித்து, திரும்ப முடிந்துகொண்டாள்.

செவலை வந்தது. கண்டக்டர் விசில் அடித்தார். கோகிலா இறங்கி, கூடையை வாங்கிக்கொண்டு, ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள். பஸ் இன்னும் போகப்போகிற தூரத்தை எட்டிப் பார்த்தாள். பிறகு தெய்வானையை அண்ணாந்து பார்த்தாள். அந்தப் பார்வை தெய்வானைக்கு நன்றாகத் தெரிந்த பார்வை.

"உங்களுது எத்தன கத்திங்க்கா?"

"நாலுதான் கண்ணு" என்றாள் தெய்வானை. அப்படிச் சொல்லும்போது அவள் குரல் எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு இனிமையாக இருந்தது.

பஸ் நகர்ந்தது. கோகிலா எழுந்துபோன இடத்தில், பின்சீட்டில் இருந்த மயிலையின் கன்று வந்து உட்கார்ந்தது. கண்டக்டர் அதனிடம் அரை டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். பால் குடிக்க மட்டும்தான் போகிறதா, அங்கேயே தங்குகிறதா என்று கேட்டார். கன்று ஜன்னலோர இடம் வேண்டும் என்று முட்டியது. தெய்வானை நகர்ந்து உட்கார்ந்தாள்.